தொரை போவான், தோட்டம் போவாது

தேவாலா பஜார்ல மாரப்பன் டீக்கடை பெஞ்சுல உக்காந்தாப் போதும், ஒவ்வொருத்தனும் ஜட்ஜு ஆயிடுவான். எங்கூட்டுக்காரரு வேலை பார்த்த கார் கம்பெனி எப்படிப் படுத்துச்சு, சங்கத்தாலயா நிர்வாகத்தாலயா, அதுக்குத் தீர்ப்பு சொல்றதுதான் வேலை. பாதிப் பேரு காரை ரோட்டுல பார்த்ததோட சரி. வாய் புளிச்சுதோ மாங்கா புளிச்சுதோன்னு பேசுறது. எங்கூட்டுக்காரரு சுரேந்திரன் அந்தப் பக்கமாப் போனா டம்ளரைக் கையில வச்சுக்கிட்டே கேப்பானுங்க: "ஏனுங்க, நெசமாச் சொல்லுங்க. உங்க சங்கந்தானே அதை மூடுச்சு?"

அவரு சிரிச்சுக்கிட்டே வந்துடுவாரு. எனக்குத்தான் பத்திக்கிட்டு வரும். நான் வாசுகி, அவரு சம்சாரம். அவரு வாயத் தொறக்க மாட்டேங்கறாரு, அதனால நான் சொல்றேன். கேட்டுட்டு நீங்களும் தீர்ப்பு சொல்லுங்க, அதுக்கென்ன காசா பணமா.

அவரு பொறந்தது இந்த வெள்ளக்கல் எஸ்டேட் லயத்துலதான், வரிசையா ஒட்டிக் கட்டின கூலிக்காரங்க ஊட்டுல. மாமனாரு அழகையா சிலோன்ல இருந்து கப்பல்ல வந்தவரு. அங்கயும் தேயிலை, இங்கயும் தேயிலை. அங்கயும் சங்கம், இங்கயும் சங்கம். காலையில ஆளுங்களை நிறுத்தி வேலை பிரிச்சுக் குடுக்கற எடத்தை இங்க இருக்கிறவங்க மஸ்டர்னு சொல்லுவாங்க, மாமனாரு சாகிற வரைக்கும் பெரட்டுன்னுதான் சொன்னாரு. அவரு பேச்சு எங்க எல்லாருக்கும் தொத்திக்கிச்சு.

ஒரு தடவை இந்தத் தோட்டத்துல பெரிய ஸ்ட்ரைக்கு. கொழுந்து எடை கொறைஞ்சா முழு நாள் வேலைக்கும் பாதிக் கூலிதான், அதை அரைப்பேருன்னு சொல்லுவாங்க. பனி விழுந்து கொழுந்தே இல்லாத மாசத்துலயும் பொம்பளைங்களுக்கு அரைப்பேரு போட்டிருக்காங்க. மாமனாரு பெரட்டுக்களத்துல கூடையைக் கவுத்து வச்சு, அதும்மேல உக்காந்துட்டாராம். அவரைப் பார்த்து எல்லாரும் கவுத்துட்டாங்க. மேனேஜர் தொரை வந்து, "தோட்டத்தைப் பூட்டிட்டுப் போயிடுவேன்"னு மெரட்டியிருக்கான். மாமனாரு எந்திரிக்கவே இல்ல. "போங்க சார். தொரை போவான், தோட்டம் போவாது. செடியை வேரோட புடுங்கிப் பொட்டியில வச்சுக்கிட்டா போவீங்க?"ன்னு கேட்டிருக்காரு. அந்தத் தொரை நெசமாவே போயிட்டான். இன்னொரு தொரை வந்து முழுப்பேரு போட்டான். அதுல இருந்து இந்தப் பக்கத்துல அது ஒரு வேதவாக்கு. கொழந்தைங்க வெளையாட்டுல தோத்தாக்கூட "தொரை போவான், தோட்டம் போவாது"ன்னு கத்திட்டு ஓடும்.

அந்தப் பேச்சைக் குடிச்சு வளர்ந்தவருதான் எங்கூட்டுக்காரரு. குன்னூர்ல ஐடிஐ பிட்டர் முடிச்சாரு. சென்னைக்கு வெளிய ஒரு பெரிய கார் கம்பெனி, வெளிநாட்டுக்காரன் கம்பெனி, அதுல எடுத்துக்கிட்டாங்க. பேரு வேண்டாம். கார் கதவு, மூடி எல்லாம் தகடை அமுக்கித்தான் செய்வாங்களாம். நம்ம ஊட்டுல முறுக்கு அச்சு மாதிரி, ஆனா யானை கனம், இரும்பு அச்சு. அதைக் கழட்டி மாட்டுறது, தேய்ஞ்சா சரி பண்றது இவரு வேலை. லயத்துல இருந்து போன மொத ஆளு. நீலக் கலர் சட்டையில அவரு பேரைத் தச்சுக் குடுத்திருந்தாங்க. எங்க கல்யாணத்துக்கு வந்த சனம் பொண்ணைப் பார்க்கல, அந்தச் சட்டையப் போட்டு எடுத்த போட்டோவைத்தான் பார்த்துச்சு.

எந்தம்பி பாண்டியனையும் இவருதான் சொல்லிச் சேர்த்துவிட்டாரு. ரெண்டு பேரும் ஒரே ஷிப்டு, ஒரே பஸ்ஸு, ஒரே டிபன் கேரியர். அக்கா புருசன்ற மரியாதையோட கூட்டாளி மாதிரியும் இருப்பான். "மாமா இருக்காரு, எனக்கென்ன"ன்னு சொல்லிக்கிட்டுத் திரிவான்.

அப்புறம்தான் சனி புடிச்சுது.

கம்பெனிக்காரங்க பெருசா ஒரு டீசல் வண்டி போட்டாங்க. நம்ம ஊரு சனம் சின்ன வண்டியா, மைலேஜ் குடுக்குதான்னு பார்க்கும். இவங்க கப்பல் மாதிரி ஒண்ணைச் செஞ்சு வச்சுக்கிட்டு வாங்க வாங்கன்னா எவன் வாங்குவான்? செஞ்ச வண்டி பூரா யார்டுல வரிசையா நின்னு மழையில நனைஞ்சுது. சக்கரத்தடியில புல்லு மொளைச்சிருக்குன்னு இவரு வந்து சொல்லுவாரு. ரெண்டு வருசத்துக்கு ஒரு பெரிய அதிகாரி வெளிநாட்டுல இருந்து வருவான், முன்னாடி இருந்தவன் செஞ்சதை மாத்துவான், போயிடுவான். அடுத்தவன் வந்து அதையும் மாத்துவான். ஆளு மாற மாற புல்லுதான் வளர்ந்துச்சு.

அந்த நேரத்துல எங்கயோ வெளிநாட்டுல இருந்து பழைய சின்ன வண்டிக்கு ஒரு ஆர்டர் வந்துச்சு. ஞாயித்துக்கிழமையும் ஓட்டினாத்தான் முடிக்க முடியும். சங்கத்துக்கு இதுதான் சமயம். வருசக்கணக்கா இழுத்தடிச்ச சம்பள ஒப்பந்தத்தைப் போடு, அப்புறம் ஞாயித்துக்கிழமை வர்றோம்னாங்க. நியாயந்தான். இவரு அப்பக் கமிட்டியில இருந்தாரு. உள்ளுக்குள்ள ரெண்டு மூணு பேரு வேண்டாம், ஆர்டரை முடிச்சுட்டுப் பேசலாம்னாங்க. இவருதான் கம்பெனி கேட்டு முன்னாடி மேடையில ஏறினாரு.

"எங்க மலையில ஒரு பேச்சு இருக்கு. தொரை போவான், தோட்டம் போவாது. இம்மாம் பெரிய ஷெட்டு, யானை கனத்துல மிஷினு, இதை எவனாவது தலையில தூக்கி வச்சுக்கிட்டுப் போவானா? உக்காருங்க பார்ப்போம்!"

கைதட்டல்னா கைதட்டல். எந்தம்பி விசில் அடிச்சதை எனக்குப் போன்ல போட்டுக் காட்டினான். எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

உக்காந்தாங்க. ஆர்டர் வேற நாட்டுல இருக்கிற அவங்க கம்பெனிக்கே போயிடுச்சு. கொஞ்ச நாளு கழிச்சு ஒரு மத்தியானம், இவரு கேன்டீன்ல இருந்து வர்றாரு, இவரு தேய்ச்சுத் தேய்ச்சு வச்சிருந்த கதவு அச்சை கிரேன் தூக்கி டிரெய்லர்ல வைக்குது. மேல தார்ப்பாய் போட்டுக் கட்டுறாங்க. எங்கன்னு கேட்டிருக்காரு. துறைமுகத்துக்குன்னு டிரைவர் சொல்லியிருக்கான். அன்னிக்கு ஊட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழட்டாம செவுத்துல சாஞ்சு உக்காந்தாரு. "வாசுகி, அவனுங்க தூக்கிட்டுப் போறானுங்க"ன்னாரு. நான் யாரை, என்னன்னு பதறிப் போயிட்டேன். மிஷினைன்னு சொன்னப்போ, அட இதுக்கா இந்த மூஞ்சின்னு நெனைச்சேன். எனக்கும் புரியல பாருங்க. நானும் லயத்துல பொறந்தவதானே. தொழில்னா மண்ணுல வேர் விட்டு நிக்குற சாமான்னுதான் எங்களுக்குத் தெரியும். இரும்புக்கு வேரு கெடையாதுன்னு யாரு சொல்லிக் குடுத்தா?

மூடிட்டாங்க. போராட்டம், பேச்சுவார்த்தை எல்லாம் நடந்துச்சு. எரியுற ஊட்டுல புடுங்குனது லாபம்னு குடுத்ததை வாங்கிக்கிட்டு அவனவன் ஊரு பார்க்கப் போனான். நாங்க சாமான் கட்டிக்கிட்டு இருக்கறப்பத்தான் பாண்டியன் வந்தான். அவன் பொண்டாட்டி அப்ப ஆறு மாசம். உள்ள வரல, நிலைப்படியில நின்னான்.

"நீங்கதான் கொண்டாந்து சேத்தீங்க. நீங்கதான் புடுங்கி எறிஞ்சீங்க. அந்த ஆர்டர் இருந்திருந்தா கம்பெனி எந்திரிச்சிருக்கும். உங்க வாயாலதான் மாமா எங்க சோத்துல மண்ணு விழுந்துச்சு."

"டேய், ஓடாத வண்டியச் செஞ்சது உங்க மாமனா? போறவங்க ஒரு சாக்குக்குக் காத்திருந்தாங்கடா"ன்னு நான் பாய்ஞ்சேன்.

"சாக்கைக் கையில எடுத்துக் குடுத்தது யாருக்கா?"ன்னான் அவன்.

இவரு பாத்திரத்தைச் சாக்குல போட்டுக் கட்டிக்கிட்டே இருந்தாரு. பாண்டியன் போயிட்டான். அப்புறம் நாலு வருசம் எங்களோட பேச்சு வார்த்தை இல்ல. அவன் கொழந்தை மொகத்தை நான் போன்லதான் பார்த்தேன், அதுவும் வேற யாரோ அனுப்பி.

நீங்க என்னைக் கேட்டா ரெண்டு பேரு சொன்னதும் நெசந்தான். கெடுத்தது கம்பெனிக்காரங்க. கெட்டு நிக்குற நேரம் பார்த்து உக்காந்தது இவங்க. ஆனா போனது அவங்க, பட்டது நாங்க. இதுல தீர்ப்பு சொல்றதுக்கு மாரப்பன் கடை பெஞ்சு பத்துமா?

மறுபடி வெள்ளக்கல்லுக்கே வந்து சேர்ந்தோம். தோட்டத்துல தேயிலை பேக்டரி ஒண்ணு ஓடிக்கிட்டிருந்துச்சு, அதுல இவருக்குப் பிட்டர் வேலை, எனக்குத் தூள் சலிக்குற எடத்துல வேலை. லயத்துல ஊடு. தோட்டத்துல வேலை இருந்தாத்தான் லயத்துல ஊடு, வேலை போனா ஊடும் போச்சு. அதை மறந்துடாதீங்க. எங்க பொண்ணு கூடலூர்ல பள்ளிக்கூடம் சேர்ந்துச்சு. இவரு சங்கக் கூட்டம்னா எட்டிக்கூடப் பார்க்க மாட்டாரு. சந்தாவைக் குடுத்து அனுப்பிடுவாரு. சூடு கண்ட பூனை.

போன வருசம் வெயில் காலம். கோயம்புத்தூர்ல இருந்து குரூப் மேனேஜர் வந்து எல்லாரையும் பேக்டரி வாசல்ல நிக்க வச்சாரு. பேக்டரி நட்டத்துல ஓடுதாம். மூட வேண்டியதாம். எங்க மேல இருக்கிற பாசத்துல ஒரு வழி சொல்றாராம். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை. முழுப்பேருக்கு எடுக்கற கொழுந்து எடையக் கூட்டணும், பேக்டரியில ஒரு ஷிப்டு கொறையும், ரெண்டு வருசத்துக்கு ஸ்ட்ரைக்கு கிடையாது. ஒத்துக்கிட்டாப் பேக்டரி ஓடும், இல்லேன்னா பூட்டு. யோசிச்சுச் சொல்லுங்கன்னுட்டு ஜீப்புல ஏறிட்டாரு.

மறுநாளு பெரட்டுக்களத்துல எல்லாரும் கூடினோம். சங்கத் தலைவரு தங்கையா, மாமனாரோட பழகினவரு, பெரிய மனுசன். "கூடையக் கவுப்போம். பழைய பேச்சுதான். தொரை போவான், தோட்டம் போவாது"ன்னாரு. பொம்பளைங்க கைதட்டினாங்க. போன்ல கேட்ட அதே கைதட்டலு. தங்கையா இவரு பக்கம் திரும்பினாரு. "அழகையா மவன் நிக்குறான். பெரிய கம்பெனியில சங்கம் நடத்துனவன். ஒரு வார்த்தை சொல்லட்டும்."

இவரு பின்னாடி, செவுத்தோரமா நின்னாரு. அங்கிருந்தே சொன்னாரு.

"தொரையும் போவான். தோட்டத்தையும் தூக்கிட்டுப் போவான். நான் கண்ணாலப் பார்த்திருக்கேன். உள்ள கொழுந்து கசக்குற ரோலருக்கு அடியில நட்டுதான் இருக்கு, வேரு இல்ல. பேக்டரி போச்சுன்னா கொழுந்து எங்க போவும்? நாம எங்க போவோம்? இந்த ஒரு தடவை பணிஞ்சு போவோம். ஒத்துக்குவோம்."

"த்தூ!"ன்னா ஆண்டாயி. எங்க பக்கத்து ஊட்டுக்காரி, கொழுந்து எடுக்கறதுல அவ கையி மிஷின் மாதிரி. "உங்கப்பன் உக்காந்த எடத்துல நின்னுக்கிட்டா இதைச் சொல்ற? எடை கூடினா ஒனக்கென்ன, ஒடியறது எங்க முதுகு."

"தெரியும்க்கா. தெரிஞ்சுதான் சொல்றேன். முதுகு ஒடிஞ்சாலும் ஊடு இருக்கும்"ன்னாரு.

தங்கையாதான் மொதல்ல கையத் தூக்கினாரு. ஒவ்வொருத்தரா தூக்கினோம். ஆண்டாயி கடைசி. அதுவும் பாதிக் கையி.

அன்னிக்கு இவருக்குச் சோறு எறங்கல. தட்டைத் தள்ளி வச்சுட்டு என்னையப் பார்த்தாரு. "அங்க சண்டை போடுன்னு சொல்லிக் கெடுத்தேன். இங்க சரியாச் சொல்லிட்டேன் இல்ல வாசுகி?"

"சரியாத்தாங்க சொன்னீங்க"ன்னேன். அவருக்கு அது போதும்னு இருந்துச்சு. அந்த ஒரு பதிலுக்குத்தான் நாலு வருசமா காத்துக்கிட்டு இருந்திருக்காரு மனுசன்.

அதுக்கப்புறம் பார்க்கணுமே! ரோலரைக் கொழந்தை மாதிரி கவனிச்சாரு. ஞாயித்துக்கிழமையும் போயிடுவாரு, அங்க போகாததை இங்க போய்த் தீர்த்தாரு. ஒரு நாளு நின்னுச்சுன்னு கிடையாது. ஆண்டாயிக்கு அரைப்பேரு விழும்போதெல்லாம் எங்க வாசல்ல வந்து நின்னு மண்ணை வாரித் தூத்தாத கொறையா திட்டிட்டுப் போவா. இவரு தலையக் குனிஞ்சுக்கிட்டுக் கேப்பாரு. "திட்டட்டும் வாசுகி, பேக்டரி ஓடுதுல்ல"ம்பாரு.

அதே வருசம் ஆடி மழையில ஒரு நாளு பேக்டரி கேட்டுல நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு. பேக்டரி மூடியாச்சு. கொழுந்து வெளியில விக்கிறதாம், அதுவும் கொஞ்ச நாளைக்கு. அடப்பாவிகளா! நாங்க உக்காரல. கூடையக் கவுக்கல. கேட்டதெல்லாம் குடுத்தோம். ஒருத்தன் வாயத் தொறந்து ஏன்னு கேக்கல. தங்கையா ஓடிப் போயி ஆபீஸ்ல கேட்டாரு. மிஷினுங்களை எப்பவோ வேற எடத்துக்குப் பேசி முடிச்சுட்டாங்களாம், அது வரைக்கும் சத்தமில்லாம ஓடணுமேன்னுதான் அந்த ஒப்பந்தமாம். கிளார்க்கு பாவம், சொல்லக் கூடாததைச் சொல்லிட்டு மொகத்தைத் திருப்பிக்கிட்டாரு.

லாரி வந்துச்சு, பின்னாடி கிரேன் வந்துச்சு. மழைக்கோட்டு, மஞ்சள் தொப்பி போட்ட ஆளுங்க எறங்கினாங்க. மொதல்ல எறங்குனவன் எந்தம்பி பாண்டியன்.

மூடுன கம்பெனிங்கள்ள மிஷின் கழட்டி ஏத்துற கான்ட்ராக்டர்கிட்ட வேலை பார்க்குறானாம். வெள்ளக்கல்லுன்னு பேரைக் கேட்டதும், அக்கா ஊடாச்சே, நானே போறேன்னு வந்திருக்கான். நாலு வருசக் கோவத்தை எறக்கி வைக்கத்தான் வந்தானோ, அக்காவைப் பார்க்கத்தான் வந்தானோ, அவனுக்கே தெரியல. இவரைப் பார்த்ததும் தொப்பியக் கழட்டினான்.

"இங்கயும் சங்கம் உக்காந்துச்சா மாமா?"

"இல்ல மாப்ள."

"ஸ்ட்ரைக்கு?"

"இல்ல. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். எல்லாரும் கேட்டாங்க."

"அப்புறம் ஏன் மாமா?"

பாண்டியன் அப்படியே நின்னான். மழைத்தண்ணி மொகத்துல ஒழுகுது, தொடைக்கவும் இல்ல. நாலு வருசமா ஒரே காரணத்தை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு இருந்தவன். அது இங்க செல்லல.

உள்ள அவன் ஆளுங்க ரோலர் அடி நட்டைச் சம்மட்டியால அடிக்க ஆரம்பிச்சாங்க. அந்தச் சத்தம் கேட்டதும் இவரு நேரா உள்ள போனாரு. "அடிக்காதீங்கடா, ரோலர் கால் விண்டுடும். ஸ்பானரைக் குடு." தரையில படுத்துக்கிட்டு, எண்ணெய் விட்டு ஒவ்வொரு நட்டா அவரே கழட்டினாரு. பாண்டியன் பக்கத்துல குந்தி லைட்டைப் புடிச்சான். நான் கேட்டு கிட்ட நின்னு அழுதேன், வாய்விட்டே அழுதேன். ஏன் இவரு தொடணும் அதை? எவனோ ஒடைச்சு எடுத்துட்டுப் போகட்டுமே! ஆனா இவருக்குக் கையி சும்மா இருக்காது.

அன்னிக்கு ரெண்டு பேரும் எங்க ஊட்டுல ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாங்க. பாண்டியன் கொழந்தையப் பத்திச் சொன்னான். கார் கம்பெனியப் பத்தி ரெண்டு பேருமே பேசல.

கான்ட்ராக்டர் பார்த்தான், ஒரு கீறல் இல்லாம கழட்டுறாரே, இந்த ஆளு நமக்கு வேணும்னு கூட்டிக்கிட்டான். இப்ப எங்கூட்டுக்காரருக்கு அதான் வேலை. மூடுன பேக்டரி பேக்டரியாப் போயி மிஷின் கழட்டுறது. ஓசூர்ல ஒண்ணு, திருப்பூர்ல ஒண்ணு, நேத்து எங்கயோ ஆந்திரா பக்கம். எல்லா எடத்துலயும் கேட்டுல ஒரு வாட்ச்மேன் இருப்பானாம். ஒருத்தன் சங்கத்தால போச்சுன்னு சொல்லுவானாம், இன்னொருத்தன் மொதலாளி தின்னுட்டான்னு சொல்லுவானாம். இவரு கேட்டுக்கிட்டே நட்டுக்கு எண்ணெய் விடுவாராம். போன்ல சொல்லிட்டுச் சிரிக்குறாரு. எனக்குச் சிரிப்பு வரல.

மாரப்பன் கடையில இப்ப தீர்ப்பு மாறிடுச்சு. அங்க சண்டை போட்டுக் கெடுத்தான், இங்க காலுல விழுந்து கெடுத்தான்னு ஒரே ஆளே ரெண்டையும் சொல்றான். ஊரு வாயை மூட உலைமூடி உண்டா?

கொழுந்து விக்கிறதையும் நிறுத்திட்டு லயத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பொண்ணுக்குப் பரீட்சை முடியற வரைக்கும் தவணை கேட்டிருக்கேன். பேக்டரியில தரையில நட்டுக் கம்பி மட்டும் நீட்டிக்கிட்டு நிக்குது. கொழுந்து எடுக்க ஆளில்லாம மேல் பாத்தியில தேயிலை தலைக்கு மேல வளர்ந்துடுச்சு. வெட்டாம விட்டா அது மரமாயிடும், அதுக்கு நாம வேணும்னு ஒண்ணும் இல்ல.

நேத்து ஆண்டாயி வந்தா. திட்டத்தான் வந்தாளோன்னு பார்த்தேன். இல்ல. வாசல்ல உக்காந்து அந்தச் செடிங்களையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தா.

"உன் மாமனாரு சொன்னது பொய்யில்லடி வாசுகி. தொரை போயிட்டான். தோட்டம் போகலியே, அங்கயேதான் நிக்குது"ன்னா.

நான் பாத்திரத்தைச் சாக்குல போட்டுக் கட்டிக்கிட்டு இருந்தேன்.